என் அண்ணன் பாடாத இசைத்தட்டு

அந்த இசைத்தட்டைப் பற்றி யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். இப்போதும் சிலர் தேடிக்கொண்டு வருகிறார்கள். தோள்வரை முடி வளர்த்த பிள்ளைகள். “கண்கட்டு குழுவோட முதல் தட்டு உங்ககிட்ட இருக்காமே, ஒரு தடவை கையில வாங்கிப் பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சுவர் கரைகிறதாம், உடம்பு கழன்று விழுகிறதாம், வேதாந்தத்தை மின்சாரக் கிதாரில் இப்படி யாரும் வாசித்ததில்லையாம். டீ கொடுத்து அனுப்பிவிடுவேன். பாடினது யார் என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. கேட்டால் என் வாய் சும்மா இருக்காது.

என் அண்ணன் ஏலக்காரன். கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கூடம் இருந்தது. செத்தவர்கள் வீட்டுச் சாமான், நொடித்துப் போனவர்கள் வீட்டுச் சாமான், ஊரைவிட்டே போகிறவர்கள் விட்டுப்போகும் சாமான் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கட்டில், பீரோ, சுவர்க் கடிகாரம், தையல் மிஷின், யாரோ ஒருவருடைய ஊன்றுகோல். அவற்றுக்கெல்லாம் எண் எழுதின அட்டையைச் சணல் கயிற்றில் கோத்துக் கட்டுவது என் வேலை. மேடைமேல் ஏறி நின்று மரச்சுத்தியால் தட்டி விற்பது அண்ணன் வேலை.

அவன் கத்துகிற ஆள் இல்லை. சாதாரணமாகப் பேசுவான், அது கடைசி வரிசையில் நிற்கிறவனிடம் போய்த் தோளில் கை போடும். “அம்மா, இந்தக் கடிகாரம் நேரம் தப்பாத்தான் காட்டும், பொய் சொல்ல மாட்டேன். உங்க வீட்ல மட்டும் எல்லாரும் நேரத்துக்கா எந்திரிக்கிறீங்க?” என்பான். கூட்டம் சிரிக்கும், கடிகாரம் போய்விடும். அப்புறம் ஒரு தட்டு, “ஒரு தரம்.” இன்னொரு தட்டு, “ரெண்டு தரம்.” அங்கே நிறுத்துவான். அந்த இடைவெளியில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது என்பான். வாங்குகிறவனுக்கு ஆசை வருவதும் அங்கேதான், விற்கிறவனுக்கு வயிறு கலங்குவதும் அங்கேதான். மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் விழுந்ததுதான். சாமானுக்குச் சொந்தக்காரி வந்து காலில் விழுந்து அழுதாலும் திரும்பாது. கடைத்தெரு முழுக்க அவனுக்குப் பெயரே மூணுதரம். அண்ணியைப் பெண் கேட்கப் போன இடத்தில் அவளுடைய அப்பா இழுத்துக்கொண்டே இருக்க, இவன் பக்கத்திலிருந்த முக்காலியைத் தட்டி “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று ஆரம்பித்துவிட்டான். உள்ளே இருந்து அண்ணி சிரித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதோடு முடிந்தது அந்தப் பேச்சு.

இப்படி இருந்தவன் ராக் குழுவில் போய் மாட்டிக்கொண்டது ஒரு கால் ஆர்மோனியத்தால். நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி அது. மூன்று கட்டைகள் ஊமை. ஏலத்தில் யாரும் சீந்தவில்லை, மூலையில் கிடந்தது. எதிர்ச் சாரி மருந்தகத்துக் கம்பவுண்டர் மத்தியான இடைவேளையில் வந்து அதை மிதிக்க ஆரம்பித்தார். அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி டிங்கரிங் பட்டறை. அங்கே நெளிசல் எடுக்கிற ஒருவன் இவருடைய வாசிப்புக்கு ஏற்றபடி தகரத்தை அடிக்கத் தொடங்கினான். தகரம் என்றே அவனைக் கூப்பிட்டோம். நாளெல்லாம் வண்டியை அடித்தது போதாதென்று சாயங்காலம் வந்து டிரம்மையும் அடிப்பான். மாடியில் டியூட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தி ஒரு நாள் கிதாரோடு இறங்கி வந்தார். கிழிந்த ஒலிபெருக்கி வழியாக அதை வாசிப்பார். குளவிக் கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். அண்ணன் சும்மா விளையாட்டுக்கு “ஒரு தரம்” என்று அந்தச் சுருதியில் இழுத்தான். வாத்தி வாசிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

“யோவ் மூணுதரம், இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

வாத்திக்கு வேதாந்தப் பித்து. உலகமே ஒரு கண்கட்டு வித்தை என்பார், குழுவுக்கும் அதையே பெயராக வைத்துவிட்டார். எது நிஜமான நான் என்று நேராக விரல் நீட்டிச் சொல்ல முடியாதாம். இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டுமாம். உடம்பு இல்லை, பெயர் இல்லை, மனசு இல்லை. தள்ளித் தள்ளிக் கடைசியில் தள்ள முடியாமல் எது நிற்கிறதோ அதுதானாம்.

“அப்ப நேத்து என் டீயையும் சேர்த்துக் குடிச்சது யாரு வாத்தி? அதுவும் நீங்க இல்லியா?” என்று கேட்டேன்.

“தங்கச்சி, உனக்கு இந்த ஜென்மத்துல விளங்காது” என்றார். உண்மைதான், விளங்கவில்லை.

அந்தத் தத்துவத்தை வைத்தே முதல் பாட்டைக் கட்டினார். ‘இதுவல்ல’ என்று தலைப்பு. ஆர்மோனியம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்கும், தகரம் மெதுவாக ஆரம்பிப்பான், கிதார் சுற்றிச் சுற்றி வரும். நடுவில் அண்ணன்.

கண் கண்டது நானல்ல
கால் போனது நானல்ல
பேர் சொன்னால் திரும்புகிற
ஆள் கூட நானல்ல

இப்படியே ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய், எல்லா வாத்தியமும் நின்ற பிறகு, வெறும் தொண்டையில் ஒரு கடைசி வரி: குரலும் நானல்ல. அத்தோடு பாட்டு முடியும்.

பாட்டைப் பதிவு செய்ய ஒரு டேப் மிஷினும் ஏலத்திலிருந்தே கிடைத்தது, ஒரு பல் வைத்தியர் வீட்டுச் சாமான்களோடு வந்தது. பெரிய சுருள் சுற்றுகிற பழைய மிஷின். சுருள் ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று தேடுவோம் என்று கம்பவுண்டர் சொன்னதற்கு வாத்தி ஒத்துக்கொள்ளவில்லை. சேர்த்து வைப்பதே பற்று, பற்றை விடத்தானே இந்தப் பாட்டு என்று ஒரு பிரசங்கம் செய்தார். தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் கூடத்துக்கே வந்து கேட்டுவிட்டு, “இந்த இரைச்சல் புதுசா இருக்கு. நல்லா ஒண்ணு பிடிச்சுக் குடுங்க, தட்டு போட்டுடலாம்” என்றார். நால்வருக்கும் தலை கால் புரியவில்லை.

அப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பாட்டை ஒரு முறை பிடித்ததும் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார்கள். முடிந்ததும் அண்ணன் ஆர்மோனியப் பெட்டியின் மேல் சுத்தியால் தட்டுவான். ஒரு தரம். ரெண்டு தரம். மூன்றாவது தட்டு விழுவதற்குள் நால்வரில் யாராவது ஒருத்தர் “இதுவல்ல” என்று சொல்லிவிட்டால், அந்தக் கணமே சுருளை முதலிலிருந்து ஓடவிட்டு அழித்துவிட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது. யாருமே சொல்லாமல் மூன்றாவது தட்டு விழுந்தால் அதுதான் இசைத்தட்டில் வரும். தத்துவத்தை வாத்தி கொடுத்தார், தட்டுவதை அண்ணன் கொடுத்தான். இரண்டு புத்திசாலிகள் சேர்ந்தால் இப்படித்தான்.

வாரத்துக்கு ஒரு நாள், கூடம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் பதிவு. கிதார் கரகரத்தது என்று ஒன்றை அழித்தார்கள். கூரையில் அணில் ஓடினது என்று ஒன்றை. கம்பவுண்டர் ஒரு தடவை எதற்கென்றே தெரியாமல் “இதுவல்ல” என்றார். அப்புறம் என்னிடம் ரகசியமாக, “இதுவரைக்கும் நான் ஒண்ணுமே சொல்லலியேன்னு இருந்துச்சும்மா” என்றார். நல்ல ஞானிகள்.

அண்ணனுக்குக் குரல் கம்மத் தொடங்கியது அந்த நாட்களில்தான். காலையில் பேசினால் தொண்டையில் தூசி இருக்கிற மாதிரி இருக்கும். கம்பவுண்டர் உப்புத் தண்ணீர் கொப்புளிக்கச் சொன்னார், சப்புகிற மாத்திரை கொடுத்தார். சிகரெட்டைக் குறைத்தான். கம்மல் போகவில்லை. நான்தான் கரடியாகக் கத்தி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அண்ணி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள், அவளை அலைய வைக்க முடியாது.

டாக்டர் மேசைமேல் ரப்பரில் செய்த ஒரு தொண்டை இருந்தது. அதைப் பிரித்துக் காட்டிச் சொன்னார். கட்டி குரல்வளையிலேயே உட்கார்ந்திருக்கிறது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை வைப்போம். குரல் இருக்காது.

“கம்மலா இருக்குமா, இல்ல…” என்று நான் இழுத்தேன்.

“குரலே இருக்காதும்மா” என்றார். தேதியும் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவன் முன்னால் அழக் கூடாதென்று கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன். எங்கள் நிறுத்தம் வருவதற்கு முன்னால் அவனாகவே சொன்னான்.

“பாப்பா பொறந்து என் சத்தமே கேக்காது இல்ல?”

வாங்கின சில்லறையை நான் முந்தானையில் முடிந்தேன்.

“தட்டு வரும்ல. அதுல இருப்பேன். பெரிசானதும் போட்டுக் கேட்டுக்கும். ஒரு தடவை ஒழுங்காப் பாடிட்டாப் போதும்” என்றான். “அவனுங்ககிட்ட ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே. சொன்னா பாவம் பாத்து எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டுவானுங்க. பாவத்துக்கு விட்ட பாட்டை எம் புள்ளைக்குக் குடுக்க மாட்டேன்.”

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தாலே மிச்சமிருக்கிற நாளை விரலில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் அழிப்பார்கள், நான் அட்டையில் எண் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு தடவை தாங்க முடியாமல், “நல்லாத்தானே இருக்கு, வச்சுக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். “தங்கச்சி, நீ குழுவுல இல்லியேம்மா” என்றார் வாத்தி, சிரித்துக்கொண்டே. அவருக்கு என்ன தெரியும்? அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அறுவைத் தேதிக்கு முன்னால் இரண்டு ஞாயிறு மிச்சமிருந்தபோது அது நடந்தது. மழை பெய்து விட்டிருந்தது, கூரை ஒழுகும் இடங்களில் பாத்திரங்கள் வைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். தகரம் ஆரம்பித்ததுமே எனக்கு ஏதோ தெரிந்தது. நால்வரும் ஒரே ஆள் மாதிரி வாசித்தார்கள். அண்ணனுக்குக் கம்மல் இருந்தது, ஆனால் அந்தக் கம்மலோடு சேர்ந்தே குரல் வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினான், கண், கால், பேர். ஆர்மோனியம் நின்றது. கிதார் நின்றது. வெறும் தொண்டையில், குரலும் நானல்ல என்று பாடினான். ‘குரலும்’ என்கிற இடத்தில் சத்தம் உடைந்தது. உடைந்ததை அவன் விடவில்லை, பிடித்துக்கொண்டு வரியை முடித்தான்.

ஓடவிட்டுக் கேட்டார்கள். தகரம் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான். “மூணுதரம், எங்கடா வச்சிருந்த இதை?” என்றான். கம்பவுண்டர் காலை மிதியிலிருந்து எடுக்கவே இல்லை. வாத்தி எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் சுத்தியை எடுத்தான்.

“ஒரு தரம்.”

யாரும் அசையவில்லை.

“ரெண்டு தரம்.”

அப்பாடா, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். சுத்தி மேலே போனது. போன இடத்திலேயே நின்றது.

“இதுவல்ல” என்றான் என் அண்ணன்.

“யோவ், பைத்தியமா உனக்கு?” என்று வாத்தி கத்தினார். விதியை அவரே மீறினார். “இதைவிட என்னய்யா வேணும்?”

“காரணம் கேக்கக் கூடாதுல்ல?”

“அண்ணே, வேணாம்ணே, அழிக்காதே” என்று நான் ஓடினேன். ஒரு பாத்திரத்தைத் தட்டிவிட்டுத் தரையெல்லாம் தண்ணீர். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனே குமிழைத் திருப்பினான். சுருள் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கியது. அழிவதற்குச் சத்தமே கிடையாது. நாங்கள் ஐந்து பேரும் நின்று அது சுற்றுவதைப் பார்த்தோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன். கல்லுளிமங்கன், அவன்பாட்டுக்கு நடந்தான். வீட்டு முனை வந்ததும் நின்றான்.

“நீ கேட்டல்ல, அந்தக் கடைசி வரி? பயந்து போயிருக்கேன் அதுல. எம் புள்ள மொத மொத அப்பன் சத்தத்தைக் கேக்கறப்போ, அப்பன் நடுங்குறதையா கேக்கணும்?”

“அதுதாண்ணே நல்லா இருந்துச்சு. அவங்க எல்லாரும் அதுக்குத்தானே அழுதாங்க.”

“அவனுங்களுக்குப் பாட்டு. எனக்கு அது மட்டுமா?” என்றான். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தான், சின்ன வயசில் வைக்கிற மாதிரி. “அதான் அடுத்த ஞாயிறு இருக்குல்ல. நடுங்காமப் பாடுறேன், பாரு.”

அந்த அடுத்த ஞாயிறு அவனுக்கு வரவில்லை. வாரத்தின் நடுவில் ஒரு காலை, மேடைமேல் ஒரு மரத்தொட்டிலை விற்றுக்கொண்டிருந்தவனுக்கு மூச்சு அடைத்தது. “ரெண்டு தரம்” என்று சொல்லிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். கூட்டம், வழக்கம்போல் ஆட்டம் காட்டுகிறான் என்று காத்திருந்தது. நான்தான் அட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினேன். தகரம் பட்டறையிலிருந்த வண்டி ஒன்றில் போட்டுக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கழுத்தில் துளை போட்டார்கள், இரண்டு நாளில் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். அவன் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு, யாரோ பெற்ற பிள்ளை படுத்திருந்த தொட்டிலுக்கு ரெண்டு தரம்.

வாத்தி ஆஸ்பத்திரிக்கு வந்து விஷயம் தெரிந்ததும் வராந்தாச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். “ஏன்யா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சுருளை நெஞ்சுல வச்சுக் காப்பாத்தியிருப்பேனே!” என்று கத்தினார். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். “பற்றை விடணும்னு பாடம் எடுத்தீங்களே வாத்தியாரே, இப்ப விடுங்க” என்றேன் நான். வெறியில் சொன்னதுதான். ஆனால் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை.

கம்பெனிக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். பாட்டைக் கைவிடுகிறோம் என்று மூன்று பேரும் சொன்னார்கள். பேச்சுக்குப் பதில் எழுதிக் காட்ட நான் வாங்கிக் கொடுத்திருந்த சிலேட்டை அண்ணன் எடுத்து, ‘நீ பாடு’ என்று எழுதி வாத்தியிடம் நீட்டினான். அவர் முடியாது என்றார். அண்ணன் எழுதினதை அழிக்காமல் நாளெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பதிவு நடந்தது. நான் போகவில்லை. வாத்திக்கு நல்ல சாரீரம்தான், நடுங்காத சாரீரம். அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

தட்டும் குழந்தையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. பெண் குழந்தை. தட்டின் உறையில் ஊதாவும் பச்சையுமாக ஒரு சுழல், அவ்வளவுதான். நான் என்பதே பொய் என்கிற பாட்டுக்கு ஆள் பெயர் எதற்கு என்று முன்பே தீர்மானித்திருந்தார்களாம். பாடினவர், வாசித்தவர் யார் பெயரும் கிடையாது. தட்டு நன்றாக ஓடியது. அடுத்த தட்டு வரவில்லை. வாத்தி வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ஏலக்கூட முதலாளி நல்ல மனிதர், அண்ணனைக் கைவிடவில்லை. கூவுவதற்கு வேறொருவன் வந்தான், சுத்தியை மட்டும் அண்ணன் தட்டினான். அந்தக் கூவுகிறவனுக்கு அவசரம், இடைவெளியே விடமாட்டான். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அண்ணன் கையைப் பார்ப்பான். ஆஸ்பத்திரியில் காற்றை விழுங்கி ஏப்பம் விடுகிற மாதிரிப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அண்ணன் ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று முயன்றான், தவளைச் சத்தம் வந்தது. தொட்டிலில் இருந்த பாப்பா வீறிட்டு அழுதாள். அதற்கப்புறம் அவன் முயலவே இல்லை.

பாப்பா வளர்ந்தாள். அவளுக்கும் அவனுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவன் நாற்காலிக் கையில் தட்டுவான், அவள் கூவுவாள். “ஒரு தரம்! ரெண்டு தரம்!” என் செருப்பை விற்பார்கள், அண்ணியின் கரண்டியை விற்பார்கள். இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று அவன் கண்ணைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

மூன்று வயசு தாண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கிராமபோனில் ஒரு நாள் அண்ணி அந்தத் தட்டைப் போட்டாள். பாப்பா வாயைப் பிளந்து கேட்டாள். பாட்டு முடிந்ததும், “யாரும்மா பாடுறது?” என்று கேட்டாள்.

“அப்பா” என்றாள் அண்ணி.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. பாப்பா கிராமபோனைத் தொட்டுப் பார்த்தாள். “அப்பா இவ்ளோ நல்லாப் பேசுவாரா?”

நான் அண்ணியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். “எப்படி அண்ணி இப்படிப் பச்சைப் பொய் சொல்ல மனசு வந்துச்சு உங்களுக்கு?”

அண்ணி அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. “உங்கண்ணன் ஒண்ணே ஒண்ணை அழிக்காம வச்சிருந்தா நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?” என்றாள். “பயந்தா பயந்துட்டுப் போகட்டும். எம்பொண்ணு கேட்டிருப்பாள்ல?”

திரும்பினால் வாசற்படியில் அண்ணன் நிற்கிறான். கழுத்துத் துளைமேல் கட்டியிருக்கும் மெல்லிய துணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாடினது அவன் இல்லை என்று சொல்ல ஒரு தலையசைப்பு போதும். பாப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட நினைத்து வாயைக் கட்டிக்கொண்டேன். அவள் தெருப் பிள்ளைகளிடம், “எங்கப்பா தட்டுலதான் பேசுவாரு, வாயால பேச மாட்டாரு” என்று பீற்றிக்கொள்வாள். தினம் சாயங்காலம் அதைப் போடச் சொல்லி அவன் மடியில் படுத்துக்கொள்வாள். யாரோ ஒருத்தன் குரலை அப்பா குரல் என்று நம்பிக்கொண்டு பிள்ளை தூங்குவதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தக் கொடுமையை எதில் சேர்ப்பது?

அவளுக்கு ஆறு வயசானபோது வாத்தி வந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார், ஆள் பாதியாக இளைத்திருந்தார். அண்ணன் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் விடவேயில்லை. விருந்தாளி வந்தால் வழக்கம்போல் பாப்பா ஓடிப்போய்த் தட்டைப் போட்டாள். “எங்கப்பா பாட்டு, கேளுங்க மாமா!”

வாத்தி எங்களைப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு உடனே பிடிபடவில்லை. தட்டு கீறல் விழுந்து, நடுவில் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. தன் பாட்டு திக்குவதைக் கேட்டால் எந்தப் பாட்டுக்காரனுக்கும் பொறுக்காது. அவரையறியாமல் அடுத்த அடியை எடுத்துப் பாடிவிட்டார்.

பேர் சொன்னால் திரும்புகிற
ஆள் கூட நானல்ல

பாப்பா விறைத்து நின்றாள். கிராமபோனைப் பார்த்தாள், வாத்தியின் வாயைப் பார்த்தாள். மெதுவாக அவரிடம் போனாள்.

“மாமா, அது எங்கப்பா குரல். உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

அண்ணி எழுந்து போய்க் கிராமபோனை நிறுத்தினாள்.

“குடுத்துடுங்க மாமா. அவர் பேசாமயே இருக்காரு, பாவம்.”

வாத்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. முழங்காலிட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். “பாப்பா, நான் சொல்றதைக் கேளு. அந்தத் தட்டுல இருக்கிறது…” என்று ஆரம்பித்தார். சொல்லப்போகிறார், சொல்லிவிடட்டும், இத்தோடு தொலையட்டும் என்று நான் நினைத்தேன்.

நாற்காலிக் கையில் ஒரு தட்டு விழுந்தது.

அண்ணன்தான். பாப்பா பழக்கத்தில் திரும்பி, “ஒரு தரம்” என்றாள்.

இன்னொரு தட்டு.

“ரெண்டு தரம்.”

அங்கே நிறுத்தினான். விரல்கள் மேலே நின்றன. பழைய இடைவெளி, கூடத்தில் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற அதே இடைவெளி. இப்போதாவது யாராவது இதுவல்ல என்று சொல்ல வேண்டும். வாத்தி சொல்லலாம். அண்ணி சொல்லலாம். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று அவன் கெஞ்சி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது தட்டு விழுந்தது.

“மூணு தரம்!” என்றாள் பாப்பா. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் வாத்தியிடம், “ஓ, அப்பாவே உங்களுக்குக் குடுத்துட்டாரா? சரி, அப்ப பாடுங்க” என்றாள்.

வாத்தி அப்படியே முழங்காலில் நின்றபடி பாடினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கடைசி வரி வந்தபோது அவருக்குக் குரல் நடுங்கியது. பாப்பா அண்ணன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் கழுத்துத் துணி விலகியிருந்ததை இழுத்துச் சரியாக மூடினாள்.

“பரவால்லப்பா” என்றாள் அவன் காதருகே. “மாமா பத்திரமாத்தான் வச்சிருக்காரு.”